நான்கு பேரும் ஒரு கல்லும்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா" என்று மூன்று வாரமாக மலர்க்குழு நண்பர்கள் துரத்திக்கொண்டிருந்தார்கள். என்னத்தை எழுதுவது? தாயின் பாசத்தை சிவில் எடுத்துக்கொண்டுவிட்டது. தன்னம்பிக்கை ஈ.சி.இ.க்குப் போய்விட்டது. காதல் கவிதைக்கு வழக்கம்போல எல்லா டிபார்ட்மென்டிலிருந்தும் கூட்டம். மெக்கானிக்கலுக்கு மிஞ்சியது கல்லும் இரும்பும்தான். ஆகவே நண்பர்களே, கல்லைப் பற்றியே எழுதுகிறேன். மெரினாவில் நான்கு பேர் சேர்ந்து தள்ளிக்கொண்டிருக்கிறார்களே, அந்தக் கல்.

உழைப்பாளர் சிலையைப் பார்க்காதவர்கள் நம்மில் யாரும் இருக்க மாட்டார்கள். சேப்பாக்கம் மைதானத்திலிருந்து வாலாஜா சாலையில் கடலைப் பார்த்து நடந்தால் நேர் எதிரே நிற்கிறது. முதலாம் ஆண்டில் நாம் ஒரு சனிக்கிழமை வகுப்பைக் கட் அடித்துவிட்டு பீச்சுக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு அதன் கீழே போட்டோ எடுத்தோம். நான் கல்லைத் தள்ளுகிற மாதிரி போஸ் கொடுத்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறேன். அந்தப் போட்டோவை இப்போது பார்த்தால் கூச்சமாக இருக்கிறது.

என் அப்பா கலாசி. கலாசி என்றால் பலருக்குத் தெரியாது. கம்பெனிகளுக்கு லேத், பிரஸ், ஜெனரேட்டர், பாய்லர் என்று வந்து இறங்கும் அல்லவா? அதை லாரியிலிருந்து இறக்கி, கடப்பாரை போட்டு நெம்பி, உருளை வைத்து உருட்டி, செயின் பிளாக்கில் தூக்கி, பவுண்டேஷன் போல்ட் மேல் மில்லிமீட்டர் பிசகாமல் உட்கார வைக்கிறவர்கள்தான் கலாசிகள். நம் ஒர்க்‌ஷாப்பில் இருக்கிற லேத்தெல்லாம் தானாக நடந்து வந்து உட்காரவில்லை! யாரோ ஒரு கலாசி கோஷ்டிதான் "ஐலசா" போட்டு உள்ளே கொண்டுவந்திருக்கும்.

இவ்வளவு பெருமையாக இன்றைக்கு எழுதுகிறேன். ஆனால் அட்மிஷன் பாரத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் நான் எழுதியது என்ன தெரியுமா? 'மெஷின் எரெக்‌ஷன்'. அதுவும் இங்கிலீஷில். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. கையெழுத்து போடுகிற இடத்தைக் காட்டினேன், போட்டார். பொய்யில்லை, ஆனால் உண்மையும் இல்லை. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அந்த முதல் ஆள் செய்த முதல் காரியம் இது.

இரண்டாம் ஆண்டில், நான்காவது செமஸ்டர் தொடங்கிய நேரம், ஒரு கம்பெனியில் மெஷின் இறக்கும்போது உருளை நழுவி அப்பாவின் வலது கால் மூன்று விரல்கள் நசுங்கிவிட்டன. கம்பெனி பெயர் வேண்டாம். ஆஸ்பத்திரி செலவு போக வீட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. அரசாங்கம் நமக்கு மாதாமாதம் போடுகிற ஆயிரம் ரூபாய் பஸ்ஸுக்கும் ரெக்கார்டு நோட்டுக்குமே சரியாகப் போய்விடும். மேஸ்திரி அண்ணன் வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, "தம்பி நல்லா வளத்தியாத்தான் கீறான். நாளைக்கு எண்ணூறு தரேன். உங்கப்பன் கால் ஆர்ற வரைக்கும் வரட்டுமே" என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் நான் போனேன்.

நண்பர்களே, அந்த மாதம் நான் "மஞ்சள் காமாலை" என்று சொல்லிக் காலேஜுக்கு வராமல் இருந்தேனே, அது மஞ்சள் காமாலை இல்லை. நீங்கள் கொண்டுவந்து கொடுத்த கீழாநெல்லியை என் தங்கை தொட்டியில் நட்டு வைத்தாள். இன்னும் இருக்கிறது. மன்னிக்கவும்.

வேலை எப்படி இருந்தது என்று அதிகம் சொல்லப் போவதில்லை. தோள் பட்டை உரிந்தது. மூன்றாம் நாளிலிருந்து கையை மடக்கிப் பேனா பிடிக்க முடியவில்லை. ஆனால் எண்ணூறு ரூபாய் எண்ணூறு ரூபாய்தானே! பத்து நாளில் எட்டாயிரம் அம்மா கையில் கொடுத்தபோது, டிப்ளமோ முடித்துக் கம்பெனிக்குப் போனாலும் தொடக்கத்தில் இதுதானே கிடைக்கும், எதற்குப் படிப்பு என்று தோன்றியது. இதை நம்மில் எத்தனை பேர் நினைத்திருப்போம்!

அந்தச் சமயத்தில்தான் ஒரு சிலை வேலை வந்தது. சென்னைக்குக் கொஞ்சம் தள்ளி ஓர் ஊர். ஒரு தலைவரின் வெண்கலச் சிலை. யார், எந்த ஊர் என்பது எதற்கு? 2013-ல் உச்ச நீதிமன்றம் பொதுச் சாலைகளில் சிலை வைக்க அனுமதி தரக் கூடாது என்று சொன்னதிலிருந்து இவையெல்லாம் பட்டா இடத்தில்தான் வைக்கிறார்களாம். அந்தப் பட்டா இடம் ஒரு சந்துக்குள் இருந்தது. மேலே கரண்டு கம்பி, கேபிள் டி.வி. ஒயர், இன்னும் என்னென்னவோ. ஹைட்ரா கிரேன் உள்ளே நுழையாது. அதனால்தான் கலாசிகளுக்கு அழைப்பு. அப்பாவும் வந்தார். அவரால் தூக்க முடியாது, ஆனால் குரல் கொடுக்க ஆள் வேண்டும். எட்டுப் பேர் ஒரே நொடியில் தள்ள வேண்டுமென்றால் ஒருவன் சும்மா நின்று கத்த வேண்டும். பாதிக் கூலிக்கு அப்பா கத்த வந்தார்.

ராத்திரி பதினோரு மணிக்கு லாரி வந்தது. பச்சைத் துணியில் சுற்றிப் படுக்க வைத்திருந்தார்கள். முகம்கூடத் தெரியவில்லை. அப்பா குச்சியை ஊன்றிக்கொண்டு வந்து, துணி மேலேயே விரலை மடக்கி டொக் டொக் என்று தட்டினார். "உள்ள ஒண்ணுமில்லடா. கூடு" என்றார். எனக்கு ஃபவுண்டரி பாடம் ஞாபகம் வந்தது. பெரிய வெண்கலச் சிலையை யாரும் கெட்டியாக ஊற்றுவதில்லை. களிமண்ணில் உருவம் செய்து, அதிலிருந்து அச்செடுத்து, நடுவில் கோர் வைத்து, தோல் மாதிரி ஒரு கனத்துக்கு மட்டும் உலோகம் ஓடும்படி பார்த்துக்கொள்வார்கள். கை தனி, கால் தனி, உடம்பு தனி என்று வார்த்துப் பிறகு ஒட்டுவதும் உண்டு. இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். "அப்போ தெரிஞ்சிகினுதான் கீற" என்றார். அவர் என்னிடம் பாடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

விடிய விடிய வேலை. கடைசியில் பீடத்தில் ஏற்றி போல்ட் முறுக்கியபோது மணி நாலு. ஏற்பாடு செய்தவர்கள் மேஸ்திரியிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். பீடத்தில் கல்வெட்டு தயாராக இருந்தது. திறந்து வைப்பவர் பெயர், தலைமை தாங்குபவர் பெயர், முன்னிலை வகிப்பவர்கள் பெயர் பதினான்கு. எண்ணிப் பார்த்தேன். சிற்பியின் பெயர் இல்லை. எங்கள் பெயர் எப்படி இருக்கும்!

திரும்பும்போது குட்டி யானையில் கடப்பாரை, கட்டை, சங்கிலிகளோடு பின்னால் உட்கார்ந்து வந்தோம். டிரைவருக்குத் தூக்கம். டீ குடிக்கலாம் என்று பீச் ரோட்டில் ஓரம் கட்டினார். இறங்கிப் பார்த்தால் உழைப்பாளர் சிலை. வானம் இன்னும் வெளுக்கவில்லை. தெரு விளக்கு வெளிச்சத்தில் நான்கு பேரும் கறுப்பாகத் தெரிந்தார்கள். எதிர்க்காற்றில் உப்பு.

அப்பா டீயை மறந்துவிட்டார். குச்சியை ஊன்றி ஊன்றிச் சிலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சென்னையிலேயே பிறந்தவர்தான், ஆனால் அவ்வளவு கிட்டே போனதில்லையாம். "பஸ்ஸுல போவ சொல்லோ பாத்ததுதான்." மறுபடி ஒரு சுற்று. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"டேய், இவன் நம்மாளு. இந்த முன்கால வச்சிருக்கான் பாரு, இவனுக்குத் தொழில் தெரியும். அந்தப் பக்கம் கீறவன் தோள குடுத்துட்டான், கல்லு நழுவுச்சின்னா மொதல்ல மாட்றது அவன்தான்."

"சிலைதானே பா."

"சிலைன்னா? ஆளப் பாத்துதானே செஞ்சிருப்பான்."

சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று பின்னால் தெரிந்தது. இந்தச் சிலையைச் செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. வங்காளத்துக்காரர். நமது எழும்பூர் பக்கத்து ஓவியக் கல்லூரியில் 1929 முதல் 1957 வரை முதல்வராக இருந்தவர். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். கல்லூரியின் இரவுக் காவலாளி ஒருவரையும் மாணவர் ஒருவரையும் மாடலாக நிற்க வைத்துத்தான் இந்த நான்கு பேரையும் செய்தார் என்று பத்திரிகைகளில் எழுதியிருக்கிறார்கள். ராத்திரி கண் முழித்துக் காவல் காத்தவர், பகலில் கல்லைத் தள்ளுகிற மாதிரி நின்றிருக்கிறார். அவருக்கு அதற்குத் தனிக்கூலி கொடுத்தார்களா? அதை யாரும் எழுதவில்லை.

சிலை நிறுவப்பட்டது 1959-ல். அதே ஆண்டில்தான் அதே ராய் சௌத்ரி செய்த காந்தி சிலையும் மெரினாவுக்கு வந்தது. டில்லியில் காந்தியும் பின்னால் பத்துப் பேருமாகத் தண்டி யாத்திரை நடக்கிற சிலை வரிசை இருக்கிறதே, அதுவும் அவருடையதுதான். 2016-ல் செல்லாமல் போன பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டின் பின்பக்கம் இருந்த படம் ஞாபகமிருக்கிறதா? அந்தச் சிலைதான் அது. இதை வீட்டில் சொன்னபோது அம்மா, "அந்த நோட்ட மாத்தத்தான் ரெண்டு நாள் வரிசையில நின்னேன், படத்த எங்க பாத்தேன்" என்றார்.

பீச் ரோட்டில் சிலைகளுக்குப் பஞ்சமில்லை. 1968-ல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது வள்ளுவர், ஔவையார், கம்பர், பாரதியார், பாரதிதாசன், வ.உ.சி., கண்ணகி, போப், கால்டுவெல், வீரமாமுனிவர் என்று பத்துப் பேரை வரிசையாக நிறுத்தினார்கள். எல்லோருக்கும் பெயர் உண்டு. கையில் ஏடு உண்டு, அல்லது தலைப்பாகை உண்டு, கண்ணகிக்குச் சிலம்பு உண்டு. அந்தச் சாலையில் பெயரே இல்லாமல் நிற்பவர்கள் இந்த நான்கு பேர் மட்டும்தான் என்று நினைக்கிறேன். மாலை போடுவதற்குக் கட்சி வராது, மே தினத்தைத் தவிர. இந்தியாவிலேயே முதல் மே தினத்தைச் சிங்காரவேலர் 1923-ல் கொண்டாடியதும் இந்தக் கடற்கரையில்தான். அந்த வகையில் நான்கு பேரும் சரியான இடத்தில்தான் நிற்கிறார்கள்.

நம் நூலகத்தில் தமிழ்ப் புத்தக அலமாரி ஒன்று இருக்கிறது, யாரும் திறப்பதில்லை. அதில் ஒரு புத்தகத்தில் நீல் சிலை பற்றிப் படித்தேன். நீல் ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரி. 1857 எழுச்சியைக் கொடூரமாக ஒடுக்கியவன். அவனுக்கு மவுண்ட் ரோட்டில் சிலை இருந்தது. 1927-ல் அதை எடுக்கச் சொல்லிப் போராடி எத்தனையோ இளைஞர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். பத்து வருடம் கழித்து 1937-ல் ராஜாஜி மந்திரிசபை வந்த பிறகுதான் அது மியூசியத்துக்குப் போனது. ஆனால் அதே சாலையில் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிற மன்றோவை இன்றுவரை யாரும் அசைக்கவில்லை. லண்டனில் சான்ட்ரி என்ற சிற்பி செய்து, 1839-ல் இங்கே நிறுவப்பட்ட சிலை அது. குதிரைக்குச் சேணமும் இல்லை, கால் வைக்கிற வளையமும் இல்லை. அடுத்த தடவை தீவுத்திடல் பக்கம் போனால் பாருங்கள்.

புத்தகத்தில் படித்தபோது எனக்கு ஒரே ஒரு கேள்விதான் வந்தது. நீல் சிலையைப் பீடத்திலிருந்து இறக்கியவர்கள் யார்? உத்தரவு போட்டவர் பெயர் இருக்கிறது, போராடியவர்கள் பெயர் இருக்கிறது. கயிறு போட்டு, முட்டுக் கொடுத்து, வண்டியில் ஏற்றியவர்கள்? அப்பாவிடம் கேட்டேன். "எங்காளுங்கதான். வேற யாரு? ஏத்தறதும் நாங்க, எறக்கறதும் நாங்க" என்றார். அவருடைய தாத்தாவும் துறைமுகத்தில் கலாசி. இருந்தாலும் இருக்கலாம்.

கண்ணகியையும் ஒரு தடவை இறக்கினார்கள். 2001 டிசம்பரில் ராவோடு ராவாக அந்தச் சிலை காணாமல் போய், ஊரே அதைப் பற்றிப் பேசியது. 2006 ஜூனில் திரும்ப அங்கேயே வந்து நின்றது. இது எனக்கு நன்றாக ஞாபகம் இருப்பதற்குக் காரணம், நாங்கள் குடியிருப்பது கண்ணகி நகர். கூவம் கரையிலிருந்த எங்கள் வீடுகளை இடித்து, நான் பிறப்பதற்கு முன்பே அப்பா அம்மாவை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இங்கே விட்டார்கள். பெரியம்மா இன்னமும் சொல்வார், "கண்ணகிய எடுத்த எடத்துலயே வச்சிட்டாங்கோ. நம்மளத்தான் வைக்கல" என்று.

எங்கள் பகுதிக்கும் கலை வந்தது. 2020-ல் ஸ்டார்ட் இந்தியா என்ற அமைப்பு மாநகராட்சியோடு சேர்ந்து எங்கள் பிளாக்குகளின் பக்கவாட்டுச் சுவர்களில் பெரிது பெரிதாக ஓவியம் வரைய ஏற்பாடு செய்தது. நான் அப்போது சின்னப் பையன். சாரம் கட்டி, லிப்டில் நின்று ஸ்பிரே அடிப்பதை வாய் பார்த்துக்கொண்டு ஸ்கூலுக்கு லேட்டாகப் போனேன். மாடி உயரத்துக்கு முகங்கள். அதற்கு முன்னால் எங்கள் ஏரியா பெயரைச் சொன்னால் ஆட்டோ வராது. படம் வரைந்த பிறகு வெளியூரிலிருந்தெல்லாம் கேமரா தூக்கிக்கொண்டு வந்தார்கள். நல்லதா கெட்டதா என்று கேட்டால்... சுவரில் படம் இருப்பதால் தண்ணீர் லாரி சீக்கிரம் வந்துவிடவில்லை. ஆனால் "எந்த ஏரியா?" என்று கேட்டால் "படம் போட்ட கண்ணகி நகர்" என்று தலை நிமிர்த்திச் சொல்ல முடிந்தது. அதுவும் ஒன்றுதானே. நகரத்தை அழகாக்குகிறோம் என்று கிளம்புகிறவர்கள் எப்போதும் அழகான இடத்தையே இன்னும் அழகாக்குவார்கள். ஒரு தடவையாவது எங்கள் பக்கம் வந்தார்கள் என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். வெயிலில் இப்போது கலர் மங்குகிறது. பெயின்ட் அப்படித்தான். வெண்கலம் மாதிரி உப்புக் காற்றில் நின்று நின்று மெருகேறாது.

எங்கே விட்டேன்? டீ ஆறிவிட்டது. அப்பா சிலையின் அடியில் திட்டு மேல் உட்கார்ந்து கட்டுப் போட்ட காலை நீட்டினார்.

"இதுக்கு இன்னா பேரு?"

"உழைப்பாளர் சிலை பா. இங்கிலீஷ்ல டிரையம்ப் ஆஃப் லேபர்னு சொல்லுவாங்க. உழைப்போட வெற்றின்னு அர்த்தம்."

அப்பா திரும்பிக் கல்லைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இன்னாடா வெற்றி? கல்லு இன்னும் நவுரவேல்லியே."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா சிரிக்கவில்லை. அவர் சொன்னது நிஜம் நண்பர்களே. அடுத்த தடவை போகும்போது பாருங்கள். வெற்றி என்பது இங்கிலீஷ் பெயரில்தான் இருக்கிறது. சிலையில் இருப்பது அதற்கு முந்தைய நொடி. நான்கு பேரின் பலமும் ஏறிவிட்டது, கல் இன்னும் அசையவில்லை. அந்த நொடி எப்படிப்பட்டது என்று அந்தப் பத்து நாளில் எனக்குத் தெரிந்திருந்தது. அதில்தான் மூச்சு நிற்கும். அதில்தான் உருளை நழுவும்.

"முட்டு சரியா வச்சா நாலு பேரு எதுக்கு, ரெண்டு பேரு போதும்" என்றார் அப்பா. "அத்த யாரு கணக்குப் போட்டு சொல்லுவாங்க? எனக்குக் கையில வருது, கணக்குல வரல. விரல் போனதுக்கு அப்பால தோணுது, எவனாவது கணக்கு தெரிஞ்சவன் பக்கத்துல நின்னிருந்தா போயிருக்காதுன்னு."

ஆறடிக் கடப்பாரையில் நுனியிலிருந்து அரையடியில் முட்டு வைத்தால், கைப்பக்கம் ஐந்தரை அடி, கல் பக்கம் அரையடி. பதினொரு மடங்கு. நாற்பது கிலோ அழுத்தினால் நானூற்று நாற்பது கிலோ எழும்பும். அப்ளைடு மெக்கானிக்ஸில் முதல் யூனிட். அப்பா முட்டு என்று சொல்வதைப் புத்தகம் ஃபல்க்ரம் என்கிறது, அவ்வளவுதான். மணலில் விரலால் படம் போட்டுக் காட்டினேன். அப்பா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மேஸ்திரி அண்ணனும் டிரைவரும்கூட வந்து நின்றார்கள். முட்டை ஒரு சாண் தள்ளி வைத்தால் எத்தனை கிலோ குறையும் என்று மேஸ்திரி கேட்டார். சொன்னேன். அவர் நம்பவில்லை. குட்டி யானையிலிருந்து ஒரு கடப்பாரையை எடுத்துவரச் சொல்லி, நடைபாதை ஓரத்தில் கிடந்த ஒரு சிமென்ட் கட்டையில் வைத்துப் பார்த்தார். அப்புறம் நம்பினார்.

"திங்கக்கெழம காலேஜிக்கு போ" என்றார் அப்பா, வண்டியில் ஏறும்போது. வேறு ஒன்றும் சொல்லவில்லை. அம்மா சீட்டுப் பணத்தைத் தள்ளி எடுத்தார். நான் கண்டனேஷன் கட்டி, எச்.ஓ.டி. முன்னால் அரை மணி நேரம் நின்று, உள்ளே வந்தேன். அந்த செமஸ்டரில் இரண்டு அரியர். ஒன்றை முடித்துவிட்டேன். மற்றதைப் பற்றி இந்த மலரில் எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். லீவு நாட்களில் மேஸ்திரி அண்ணன் கூப்பிட்டால் இப்போதும் போகிறேன். ஆனால் தோள் கொடுக்க இல்லை, முட்டு எங்கே வைப்பது என்று சொல்ல.

இந்த வருடம் கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் பாரம் நிரப்பியபோது 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'கலாசி' என்று எழுதினேன். அதை வாங்கிப் பார்த்த ஆபீசர், "அப்படின்னா?" என்று கேட்டார். விளக்கிச் சொல்வதற்குள் அடுத்த பையனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அப்பாவின் கால் ஆறிவிட்டது. கொஞ்சம் சாய்த்து நடக்கிறார். இன்னொரு தடவை மெரினாவுக்குக் கூட்டிப்போ, பகலில் போகலாம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அன்றைக்கு வெளிச்சம் போதவில்லையாம். முட்டு எங்கே இருக்கிறது என்று சரியாகத் தெரியவில்லையாம்.